தந்தி அடிக்கலாம், கணினியைத் தொடக்கூடாதா? – தொடக்கநிலை ஹாம் உரிமமும் நம் பிள்ளைகளும்



அமெரிக்காவில் ஹாம் வானொலிக்கான தொடக்கநிலை உரிமம் பெற்ற ஒருவர், 40 மீட்டர் அலைப்பட்டையில், 7.074 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், மோர்ஸ் தந்திக் குறிகளை அனுப்பலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. அதே மனிதர், அதே கருவியைக் கணினியோடு இணைத்து, அதே அதிர்வெண்ணில் எஃப்.டி.8 என்னும் டிஜிட்டல் முறையில் ஒரே ஒரு வரி அனுப்பினால் அது விதிமீறல். இத்தனைக்கும் அவர் எழுதிய தேர்வில் மோர்ஸ் அடித்துக் காட்டச் சொல்லி எவரும் கேட்கவில்லை. மேலும், 7.074 என்பது உலகெங்கும் எஃப்.டி.8 பயன்படுத்துவோர் கூடும் இடம். அங்கே போய் மோர்ஸ் அடிப்பது மற்றவர்களுக்கு இடையூறு. நூலகத்துக்குள் நின்று ஊதல் ஊதலாம், ஆனால் புத்தகத்தைத் திறக்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருக்கிறது இது.

இந்த விதியை மாற்ற வேண்டும், அதற்காகத் தமிழ்க் குடும்பங்களும் குரல் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். "நமக்கும் ஹாம் வானொலிக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்பவர்கள் சற்றே பொறுமை காக்க வேண்டுகிறேன்.

நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குச் சிற்றலை புதிதன்று. இலண்டனிலிருந்து புறப்பட்ட பி.பி.சி. தமிழோசை, இடையில் எந்தக் கம்பியும் இல்லாமல் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வானொலிச் சேவை 2017 ஏப்ரலில் நின்றுபோனது. அந்த ஒலியைச் சுமந்து வந்த அயனி மண்டலமோ அப்படியே இருக்கிறது. ஏறத்தாழ 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை அது வளைத்துத் தரைக்குத் திருப்பி அனுப்புகிறது. செயற்கைக்கோளும் வேண்டாம், கடலடிக் கம்பிவடமும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். இந்த வானத்தைப் பயன்படுத்திக்கொள்ளப் பொதுமக்களுக்கு இருக்கும் சட்டபூர்வமான வழிதான் ஹாம் வானொலி. வணிக நோக்கம் கூடாது, தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும் என்பவை அதன் அடிப்படை விதிகள்.

அமெரிக்காவில் இன்று புதிதாக வழங்கப்படும் உரிமங்கள் மூன்று நிலைகளில் உள்ளன. டெக்னீசியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா என்பன அவை. உரிமம் பெற்றவர்கள் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் படியாகிய டெக்னீசியனில்தான் இருக்கிறார்கள். அந்தத் தேர்வில் 35 வினாக்கள். 26க்குச் சரியான விடை எழுதினால் தேர்ச்சி. வினா வங்கி முழுவதும் வெளிப்படையாகக் கிடைக்கிறது. வயது வரம்பு இல்லை. அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. அயல்நாட்டு அரசின் பிரதிநிதியாக இல்லாத எவரும் எழுதலாம். எச்-1பி விசாவில் இருப்பவரும் எழுதலாம். வேலை செய்ய அனுமதியின்றி எச்-4 விசாவில் வீட்டிலிருக்கும் நம் சகோதரிகளும் எழுதலாம். (பட்டப்படிப்பு முடித்துவிட்டு அடுப்பங்கரையில் முடங்கிக் கிடப்பதாக வருந்தும் பொறியியல் பட்டதாரிகள் இதைக் கவனிக்க!)

டெக்னீசியன் உரிமம் பெற்றவருக்கு 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஹாம் பட்டைகள் அனைத்தும் திறந்திருக்கின்றன. அந்த அலைகளில் பெரும்பாலானவை பார்வைக்கெட்டும் தூரத்துக்கே செல்லும். மலைமீதோ உயர்ந்த கட்டடத்தின்மீதோ அமைந்த மறு ஒலிபரப்பி இருந்தால் இன்னும் சற்றுத் தூரம் போகும். சிற்றலையில் அவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. 80, 40, 15 மீட்டர் பட்டைகளில் குறிப்பிட்ட பகுதிகளில் மோர்ஸ் மட்டும். 10 மீட்டர் பட்டையில் 28.0 முதல் 28.3 மெகாஹெர்ட்ஸ் வரை மோர்ஸும் டிஜிட்டலும், 28.3 முதல் 28.5 வரை பேச்சும் மோர்ஸும். திறன் உச்சவரம்பு 200 வாட். அவ்வளவுதான்.

இந்த விசித்திரம் எங்கிருந்து வந்தது?

1951ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம், அதாவது எஃப்.சி.சி., 'நோவீஸ்' என்னும் புதுமுக உரிமத்தை அறிமுகப்படுத்தியது. நிமிடத்துக்கு ஐந்து சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்தால் போதும். சிற்றலையில் சில பகுதிகளில் மோர்ஸ் அடித்துப் பழகலாம். தந்தி தெரிந்தவனுக்குத் தந்தி அடிக்க இடம் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

கணினிகள் வீட்டுக்குள் வரத் தொடங்கியபோது கதை மாறியது. கனடா முந்திக்கொண்டது. 1978ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசு மோர்ஸ் தேர்வு இல்லாத, டிஜிட்டல் தொடர்புக்கென்றே அமைந்த தனிச் சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்தியது. அதே ஆண்டு மொன்றியல் நகர ஹாம் ஆர்வலர்கள் பொட்டல வானொலியைச் செயற்படுத்திக் காட்டினர். அடுத்த சில ஆண்டுகளில் வன்கூவர் குழுவினர் அதற்கான இடைமுகக் கருவியை வடிவமைத்தனர். தரவைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பும் அந்த நுட்பத்தை இணையத்தில் நாம் அன்றாடம் பயன்படுத்துகிறோம். வானொலியில் அதைச் சாதாரணக் குடிமக்கள் செய்து பார்க்க ஓர் உரிமம் வழி திறந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. கணினி தெரிந்தவனுக்குக் கணினி கொண்டு பழக இடம் கொடுத்தார்கள். பலன் கிடைத்தது.

அமெரிக்காவில் 1983இல் மோர்ஸ் இல்லாத உரிமம் ஒன்றை ஆணையம் முன்மொழிந்தது. பழைய ஹாம்களின் கடும் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. 1987இல் நோவீஸ் உரிமத்தாருக்கு 10 மீட்டர் பட்டையில் பேச்சும் டிஜிட்டலும் கொடுத்தார்கள். டெக்னீசியன் இன்று 10 மீட்டரில் அனுபவிக்கும் உரிமை அதன் எச்சம்தான். 1991இல் டெக்னீசியன் தேர்விலிருந்து மோர்ஸ் நீக்கப்பட்டது. ஆனால் அப்படித் தேறியவர்களுக்குச் சிற்றலை இல்லை. 2007 பிப்ரவரி 23ஆம் நாள் எல்லா நிலைகளிலும் மோர்ஸ் தேர்வு ஒழிந்தது. அன்றைக்கு ஆணையம் செய்த காரியத்தைப் பாருங்கள். மோர்ஸ் தெரிந்த பழைய புதுமுகத்தாருக்கென்று வகுத்த சிற்றலை உரிமைகளை, ஓர் எழுத்தும் மாற்றாமல், மோர்ஸ் அறியாத டெக்னீசியன்கள் அனைவருக்கும் தூக்கிக் கொடுத்தது. அப்பாவின் சட்டையை அளவு பார்க்காமல் பிள்ளைக்கு மாட்டிவிட்டது போன்ற வேலை. அந்தச் சட்டையைத்தான் இன்றுவரை லட்சக்கணக்கானோர் அணிந்துகொண்டிருக்கிறார்கள்.

இதை மாற்றக் கோரியோர் இல்லாமலில்லை. அமெரிக்க ஹாம்களின் தேசிய அமைப்பாகிய ஏ.ஆர்.ஆர்.எல். 2004ஆம் ஆண்டிலேயே சிற்றலையில் பேச்சும் டிஜிட்டலும் கொண்ட புதிய தொடக்கநிலை உரிமம் கேட்டு மனு அளித்தது. 2005இல் ஆணையம் மறுத்துவிட்டது. 2018 பிப்ரவரியில் மீண்டும் ஒரு மனு. இம்முறை புதிய உரிமம் கேட்கவில்லை. டெக்னீசியன்கள் ஏற்கெனவே மோர்ஸுக்காகப் பெற்றிருக்கும் 80, 40, 15 மீட்டர் பகுதிகளில் டிஜிட்டலையும் அனுமதியுங்கள், மூன்று பட்டைகளிலும் பேச்சுக்குச் சிறிது இடம் கொடுங்கள் என்பதே கோரிக்கை. மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. ஆதரித்தும் எதிர்த்தும் எழுதினார்கள். விதி மாறவில்லை.

எஃப்.டி.8: ஒரு சிறு விளக்கம்

தகவல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரியும் பெற்றோர்கள் நம்மில் ஏராளம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 1993ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லரும், பேராசிரியர் ஸ்டீவ் ஃபிராங்கும் சேர்ந்து உருவாக்கி 2017 ஜூலையில் வெளியிட்டது இம்முறை. 77 பிட் செய்தியுடன் 14 பிட் சரிபார்ப்பும் 83 பிட் பிழைதிருத்தமும் சேர்ந்து 174 பிட் ஆகிறது. எட்டுச் சுரங்களில் அது பாடப்படுகிறது. 15 வினாடிக்கு ஒரு முறை, கடிகாரத்தோடு ஒத்திசைந்து, ஒருவர் அனுப்ப மற்றவர் கேட்கிறார். பிடிக்கும் இடம் 50 ஹெர்ட்ஸ் மட்டுமே. ஒரு மனிதக் குரல் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸை அடைத்துக்கொள்ளும். அந்த அகலத்தில் அறுபது எஃப்.டி.8 நிலையங்கள் அருகருகே அமரலாம். காதுக்குச் சற்றும் கேட்காத, இரைச்சலுக்குள் புதைந்த குறிகளையும் மென்பொருள் மீட்டெடுக்கிறது. சில வாட் திறனும் வேலியோரம் கட்டிய ஒரு கம்பியும் இருந்தால் கடல்கடந்த நிலையத்தோடு தொடர்புகொள்ள முடியும். மென்பொருளின் மூலநிரல் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது.

கல்லூரியில் தகவல் கோட்பாடு என்று ஒரு பாடம் படித்தோமே, தேர்வு முடிந்தவுடன் மறந்துபோனோமே, அந்தப் பாடம் வீட்டுக் கூடத்தில் கண்ணெதிரே நடக்கிறது. ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டினால் பிழைதிருத்தக் குறியீடு என்றால் என்ன என்று அவனே கேட்பான். கேட்கிறார்கள். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் பின் டெக்னீசியன் தேர்வுக்கு நான் பயிற்சி அளித்துவந்த இளையோர் சிலர் தேறியவுடன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இரவில் 40 மீட்டரில் எஃப்.டி.8 போடலாமா?" என்பதுதான். கூடாது என்றேன். ஏன் என்றார்கள். 1951ஆம் ஆண்டிலிருந்து தொடங்கி விளக்க வேண்டியதாயிற்று.

இங்கே வேறொரு வேடிக்கையும் உண்டு. டெக்னீசியன் மோர்ஸ் அனுப்பும்போது கையால்தான் அடிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. விசைப்பலகையில் தட்டச்சு செய்தால் கணினி அதை மோர்ஸாக மாற்றி அனுப்பும். வரும் மோர்ஸைக் கணினியே எழுத்தாக்கிக் காட்டும். அது சட்டப்படி செல்லும். அதாவது, கணினிக்குக் கணினி பேசலாம். ஆனால் 1840களின் குறிமுறையில்தான் பேச வேண்டும்! இருக்கிறது, இல்லை என்னும் இரு நிலைகளால் ஆன மோர்ஸும் ஒருவகை டிஜிட்டல்தானே என்று கேட்டால் பதில் வருவதில்லை.

நம் உறவினர்கள் எத்தனை நாடுகளில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இலண்டனில் உள்ள அண்ணன் மகள் அங்கே ஃபவுண்டேஷன் தேர்வு எழுதுகிறாள். 26 வினாக்கள், 19 சரியானால் தேர்ச்சி. 2002ஆம் ஆண்டு தொடங்கிய அந்த உரிமம் 40 மீட்டரில் டிஜிட்டலை அனுமதிக்கிறது. திறன் வரம்பு முன்பு 10 வாட்டாக இருந்தது, 2024இல் 25 வாட்டாக உயர்ந்தது. டொரொன்டோவில் உள்ள மாமன் மகன் கனடாவின் அடிப்படைத் தேர்வில் 100க்கு 80 எடுத்தால் சிற்றலை முழுவதும் அவனுக்குத் திறக்கிறது. சிட்னியில் உள்ள சித்தி மகனுக்கு 2005இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் உரிமத்தில் முதலில் டிஜிட்டல் இல்லை. பதினான்கு ஆண்டுகள் வாதாடி 2019இல் அந்தத் தடையை நீக்கினார்கள். நீக்கிய பின் அலைப்பட்டைகள் இடிந்து விழுந்துவிடவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் நம் பிள்ளை மட்டும் அவர்கள் மூவரும் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எதிர்ப்போர் சொல்வது

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்றுதான். "ஜெனரல் தேர்வும் 35 வினாக்கள்தானே? மோர்ஸும் இல்லையே? ஒரே அமர்வில் இரண்டையும் எழுதலாமே? சோம்பேறிகளுக்காக ஏன் விதியை மாற்ற வேண்டும்?" என்பது அது. ஒரு மன்றத்தில் மூத்தவர் ஒருவர் என் மாணவி ஒருத்தியிடம் இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். அவள் அதன்பின் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஜெனரல் தேர்வை எழுதும் ஆற்றல் உள்ள பிள்ளைகள் நாளைக்கே எழுதட்டும். நானும் அவ்வாறே அறிவுறுத்துகிறேன். ஆனால் இந்தப் பதில், விதி நியாயமானதா என்னும் கேள்வியைத் தொடவே இல்லை. டெக்னீசியன் 80, 40, 15 மீட்டர்களில் 200 வாட் திறனோடு அலை பரப்பத் தகுதியானவர் என்று ஆணையமே ஏற்றுக்கொண்டுவிட்டது. மின்பாதுகாப்பு, கதிர்வீச்சு வரம்பு, அலைப்பட்டை எல்லை ஆகியவற்றை அவர் அறிந்தவர் என்றும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே திறனில், அதே இடத்தில், மோர்ஸைவிட எந்த விதத்திலும் ஆபத்தில்லாத 50 ஹெர்ட்ஸ் குறி ஒன்றை அனுப்புவதற்கு மட்டும் அவர் எப்படித் தகுதியற்றவர் ஆகிறார்? தகுதிதான் காரணம் என்றால் மோர்ஸையும் பறிக்க வேண்டும். அதை எவரும் கேட்கவில்லை. ஆகவே இங்கே பேசப்படுவது தகுதி அல்ல, பழக்கம்.

தொடக்கநிலை உரிமம் எதற்காக என்பதையும் எண்ண வேண்டும். உள்ளே வருபவனுக்குச் சுவை காட்டுவதற்காகத்தானே? கைப்பேசியில் உலகத்தையே வைத்திருக்கும் பிள்ளைக்கு, இருபது மைல் தூரத்தில் உள்ளவரோடு கைக்கருவியில் பேசுவது எத்தனை நாளைக்குச் சுவைக்கும்? உரிமம் வாங்கிக் கருவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று மன்றங்களில் புலம்புகிறார்கள். கதவைச் சாத்திவைத்துவிட்டு விருந்தாளி வரவில்லை என்று புலம்புவதில் பொருளில்லை.

இரண்டாவது வாதம், "எஃப்.டி.8 உரையாடலே அல்ல, இரண்டு கணினிகள் கை குலுக்குகின்றன" என்பது. அழைப்புக் குறி, இருப்பிடக் கட்டம், குறி வலிமை ஆகியவற்றுக்கு மேல் அதில் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது என்பது உண்மையே. அதனால் என்ன? நாங்கள் எஃப்.டி.8 மட்டும் கேட்கவில்லை. விசைப்பலகையில் ஒருவரோடு ஒருவர் எழுதிப் பேசும் பி.எஸ்.கே.31 இருக்கிறது. வானொலி வழியே மின்னஞ்சல் அனுப்பும் வின்லிங்க் இருக்கிறது. ஒருவருடைய பொழுதுபோக்கு மற்றவருக்குச் சுவையாக இல்லை என்பது சட்டத் தடைக்குக் காரணமாக முடியாது.

மூன்றாவது, "டிஜிட்டல் என்றால் மறைமொழி, யார் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாது" என்னும் அச்சம். பொருளை மறைக்கும் நோக்கத்தோடு குறியீடு பயன்படுத்துவது ஹாம் வானொலியில் எல்லா நிலை உரிமத்தாருக்கும் ஏற்கெனவே தடை. நிற்க. இந்த இடத்தில் நம் பெற்றோர்கள் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன். வானொலியில் தமிழில் பேசலாமா? பேசலாம். குரல்வழித் தொடர்பில் அழைப்புக் குறியை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பதே விதி. மற்றபடி எம்மொழியில் உரையாடவும் தடையில்லை. தமிழ் மறைமொழி அன்று. எஃப்.டி.8 முறையில்தான் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. இலத்தீன் எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே அதில் செல்லும். திஸ்கியா டாபா யூனிகோடா என்று மடற்குழுக்களில் இரவு பகலாகச் சண்டையிட்ட தலைமுறை நாம். சிற்றலை டிஜிட்டலில் தமிழ் எழுத்தைக் கொண்டுபோகும் வேலை அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கிறது. அவர்களை அந்தப் பட்டைக்குள் விட்டால்தானே செய்வார்கள்?

சூரியன் காத்திருக்காது

"10 மீட்டரில்தான் டிஜிட்டல் இருக்கிறதே, அது போதாதா?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 28 மெகாஹெர்ட்ஸ் அலையை அயனி மண்டலம் நெடுந்தூரத்துக்கு வளைக்க வேண்டுமானால் சூரியன் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ பதினோரு ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன. இப்போதைய சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. அது உச்ச நிலையை அடைந்துவிட்டதாக 2024 அக்டோபரில் அமெரிக்க விண்வெளி நிறுவனம் அறிவித்தது. இனி இறக்கம். 2030ஐ ஒட்டிய ஆண்டுகளில் 10 மீட்டர் பட்டை பல நாள்கள் மயான அமைதியாக இருக்கும். இன்று எட்டு வயதாகும் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது டெக்னீசியனின் ஒரே சிற்றலை டிஜிட்டல் சன்னல் பெயரளவில்தான் திறந்திருக்கும். 40 மீட்டரும் 80 மீட்டரும் அப்படியல்ல. சூரியன் தூங்கினாலும் அவை இரவுதோறும் இயங்கும்.

பேரிடர் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அத்தீவின் கைப்பேசி நிலையங்களில் ஏறத்தாழ 95 சதவீதம் செயலிழந்தன. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஹாம் தன்னார்வலர்களைக் கேட்டுப் பெற்று அனுப்பியது. தீவிலிருந்து உறவினர்களுக்கு நலச் செய்திகள் சிற்றலை வழியே சென்றன. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி மேற்கு வட கரோலினாவைப் புரட்டிப் போட்டபோது மிட்செல் மலை உச்சியில் இருந்த ஹாம் மறு ஒலிபரப்பி தொடர்ந்து இயங்கியதால் பலர் உதவி கேட்க முடிந்தது. அது டெக்னீசியனும் பயன்படுத்தக்கூடிய பட்டை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மலைக் கோபுரமும் சாய்ந்திருந்தால்? மறு ஒலிபரப்பி இல்லாமலே மலைகளைத் தாண்டி ஒரு மாநிலம் முழுவதற்கும் செய்தி அனுப்ப 80 மீட்டரும் 40 மீட்டரும்தான் கைகொடுக்கும். பெயர்ப் பட்டியலையும் மருந்துப் பட்டியலையும் பிழையின்றி அனுப்ப டிஜிட்டல்தான் கைகொடுக்கும். இரண்டும் சேரும் இடத்தில் டெக்னீசியனுக்கு அனுமதி இல்லை. உயிராபத்து நேரத்தில் வேறு வழியில்லையெனில் எதையும் பயன்படுத்தலாம் என்று விதியில் விலக்கு உண்டு. ஆனால் ஒருநாளும் பழகாத ஒன்றை வெள்ளம் தலைக்கு மேல் போகும் நாளில் எப்படிப் பயன்படுத்துவது?

2004 டிசம்பர் 26ஐ நம்மில் எவரும் மறக்கவில்லை. அன்று போர்ட் பிளேயரில் ஹாம் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் குழுவினர், ஆழிப்பேரலை தாக்கிய சில மணி நேரத்தில் அந்தமானின் செய்திகளைச் சிற்றலையில் வெளியுலகுக்குக் கொண்டுசென்றனர். அவர்கள் அங்கே போயிருந்தது பொழுதுபோக்குக்காக. உலக ஹாம்களோடு தொடர்புகொண்டு மகிழ்வதற்காக. அந்தப் பொழுதுபோக்கில் பெற்ற கைப்பழக்கமே அன்று பயன்பட்டது.

நம் வீட்டுக்குள்ளே

ஆணையத்தையும் பழைய ஹாம்களையும் மட்டும் சாடுவது நியாயமாகாது. "வாட்ஸப் இருக்க இது எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே மிகுதி. கேட்பவர்களில் பாதிப்பேர் அலுவலகத்தில் வலைப்பின்னல் பொறியாளர்களாக இருப்பதுதான் எனக்கு வியப்பு. வாட்ஸப் எத்தனை கோபுரங்களையும் கம்பிகளையும் நம்பி இயங்குகிறது என்பதை அவர்களைவிட வேறு யார் அறிவார்? "கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவுமா?" என்பது அடுத்த கேள்வி. உதவலாம், உதவாமலும் போகலாம். எழுத்துக்கூட்டல் போட்டிக்கும் கணிதப் போட்டிக்கும் வாரயிறுதிகளைக் கொடுக்கும் பெற்றோர்கள், மதிப்பெண் இல்லாத ஒன்றுக்கும் ஒரு மாலையைக் கொடுக்கட்டும்.

நியாயமான கவலை ஒன்று உண்டு. உரிமம் பெறுபவரின் அஞ்சல் முகவரி ஆணையத்தின் தரவுத்தளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கும். சிறு பிள்ளைகளின் பெயரில் வீட்டு முகவரி வெளியாவதை விரும்பாதவர்கள் அஞ்சல் பெட்டி எண்ணைக் கொடுக்கலாம். அது ஏற்கப்படும். 2022 ஏப்ரல் முதல் ஆணையத்துக்கு 35 டாலர் கட்டணம் உண்டு. தேர்வு நடத்துவோர் கேட்கும் தொகை தனி.

இனி என்ன செய்யலாம்? எஃப்.சி.சி. அசையாத மலை என்று நினைக்க வேண்டாம். சிற்றலை டிஜிட்டலில் 300 பாட் என்னும் வேக வரம்பு 1980இலிருந்து இருந்தது. அதை நீக்கக் கோரி 2013இல் மனு போடப்பட்டது. ஹாம்கள் விடாமல் எழுதினார்கள். 2022இல் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் மசோதாவே கொண்டுவந்தார். 2023 நவம்பரில் ஆணையம் அந்த வரம்பை நீக்கி, 2.8 கிலோஹெர்ட்ஸ் அகல வரம்பை வைத்தது. பத்து ஆண்டுகள் ஆயின. டெக்னீசியன் மனுவுக்கு அதைவிட அதிகக் காலம் ஆகக்கூடாது.

ஆணையத்தின் இணையவழிக் கருத்துப் பதிவேட்டில் எவரும் எழுதலாம். குடியுரிமை கேட்பதில்லை, ஹாம் உரிமமும் கேட்பதில்லை. இளையோர் தாமே எழுத வேண்டும். பெற்றோர் எழுதித் தர வேண்டாம். ஒரே வாசகத்தை நூறு பேர் படியெடுத்து அனுப்பவும் வேண்டாம், அதற்கு மதிப்பில்லை. எந்த ஊரில் இருக்கிறீர்கள், எந்த உரிமம் வைத்திருக்கிறீர்கள், 40 மீட்டரில் டிஜிட்டல் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று மூன்று பத்திகளில் எழுதினால் போதும். 7.074இல் மோர்ஸ் செல்லும், எஃப்.டி.8 செல்லாது என்பதை மறவாமல் குறிப்பிடுங்கள். எழுதியதன் படியை உங்கள் பகுதிக்கான ஏ.ஆர்.ஆர்.எல். இயக்குநருக்கும், உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். மனுவின் எண் ஆர்.எம்.-11828.